சைனாவில இருந்து நேரா சாமான் எடுக்கலாமா? களுவாஞ்சிக்குடியில சின்னக் கடை, கையில 12 லட்சம்

எழுவான்கரைக் கடை எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். களுவாஞ்சிக்குடியில பாத்திரம், பிளாஸ்டிக், ஒள்ளுப்பம் கரண்ட் சாமான் விக்கிற கடை வச்சிருக்கன். அப்பாட கடை, ஆறு வருசமா நான்தான் பாக்கன். சாமான் எல்லாம் கொழும்பு புறக்கோட்டையில மொத்தக் கடையில எடுத்து லொறியில ஏத்தி விடுறதுதான் இவ்வளவு நாளும்.

போன மாசம் ராவில கடை பூட்டிப்போட்டு அலிபாபாவப் பாத்துக்கொண்டிருந்தன். சுடுதண்ணி நிக்கிற ஸ்டீல் போத்தல், 500 மில்லி, எனக்கு புறக்கோட்டையில 1450 ரூபாக்கு விழுற அதே மாதிரிப் போத்தல், அங்க 2 டொலர் 10 சதம் எண்டு கிடக்கு. டொலர் 300 எண்டு வச்சாலும் 630 ரூபாதான். அதப் பாத்த நேரம் தொடக்கம் நித்திரையே வரல்ல, உண்மையாச் சொல்றன், இத்தனை வருசமும் எவ்வளவு காசை சும்மா குடுத்திருக்கமோ எண்டுதான் மனசு ஓடுது.

ஒரு சப்ளையரோட பேசினன், ஒரு பொம்பளப்புள்ள வட்ஸ்அப்பில நல்லா மறுமொழி தாறா. ஆகக் குறைஞ்சது 1000 போத்தல் எடுக்கணுமாம், 30 வீதம் இப்ப, மிச்சம் 70 கப்பல் ஏத்த முதல். அக்கவுண்ட் நம்பரும் அனுப்பியிருக்கா, ஆனா அது கொம்பனி பேரில இல்ல, ஒரு ஆள்ட பேரில கிடக்கு, கேட்டா அவட மனேஜர்ட எண்டு சொல்றா. இதோட சார்ஜ் பண்ற பல்பும் புளூடூத் ஸ்பீக்கரும் கொஞ்சம் சேத்து எடுக்கலாம் எண்டும் யோசினை.

கொழும்பில ஒராள் சொல்றார், கியூபிக் மீட்டருக்கு இவ்வளவு எண்டு தந்தாப் போதுமாம், வரி கிரி எல்லாம் அவர்ட பொறுப்பாம், சாமான் வீட்டு வாசலுக்கு வருமாம். அது சரிவருமா? சித்திரை வருசத்துக்கு முதல் கடையில அடுக்கணும். கையில 12 லட்சம் இருக்கு, அதுல 4 லட்சம் மனிசிட சீட்டுக் காசு. அனுபவம் உள்ள ஆக்கள் யாரும் இருந்தாச் சொல்லுங்க.

காத்தான்குடி மொத்தம் எழுதினது:

தம்பி, முதல்ல அந்த ஆள்ட பேரில உள்ள அக்கவுண்டுக்கு ஒரு சதமும் போடாதீங்க. மத்ததெல்லாம் பொறகு பேசலாம். கொம்பனி பேர் ஒண்டு, அக்கவுண்ட் பேர் இன்னொண்டு எண்டா நாளைக்கு சாமான் வரல்ல எண்டு நீங்க யாரப் போய்க் கேக்கிற? அலிபாபாவுக்குள்ளேயே ட்ரேட் அஷூரன்ஸ் எண்டு ஒரு வழி இருக்கு, ஓடர அதுக்குள்ள போட்டு அதுக்குள்ளேயே காசு கட்டணும், சாமான் பேசின மாதிரி இல்லாட்டி முறைப்பாடு வைக்கலாம். வெளியால கட்டினா அலிபாபாவுக்கும் ஒங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. கோல்ட் சப்ளையர் எண்டு போட்டிருக்கிறதப் பாத்து நம்பவும் வேணாம், அது அவங்க வருசத்துக்குக் காசு கட்டி எடுக்கிற பட்டம். வெரிஃபைட் எண்டு இருந்தா வெளி ஆக்கள் போய்ப் பாத்திருக்காங்க எண்டு அர்த்தம், அது ஒள்ளுப்பம் பரவால்ல. பிஸ்னஸ் லைசன்ஸ் கொப்பி கேளுங்க, அதுல 18 இலக்கத்தில ஒரு கோட் இருக்கும், அத வச்சு சைனா அரசாங்கத்திட வெப்சைட்டிலேயே கொம்பனி இருக்கா இல்லையா எண்டு தேடலாம்.

நான் சைனாவில குவாங்சோவுக்கு கென்டன் ஃபெயார் எண்ட பெரிய வியாபாரக் கண்காட்சி பாக்க ரெண்டு தரம் போயிருக்கன், அது வருசத்தில ரெண்டு தரம் வைப்பாங்க, ஏப்ரல்ல ஒண்டு ஒக்டோபர்ல ஒண்டு. யிவூ மார்க்கட்டுக்கும் போயிருக்கன், அந்த மார்க்கட்ட ஒரு நாளில சுத்தி முடிக்கவே ஏலாது, சின்னச் சாமான் எடுக்கிறவங்களுக்கு அதான் எடம். போகாமலும் எடுக்கலாம், ஆனா நான் போத்தல்ல பட்டத நீங்க படக்கூடாது எண்டுதான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

நான் முதல் முதல் எடுத்ததும் இதே போத்தல்தான். சாம்பிள் ரெண்டு வந்தது, அருமையான சாமான், சுபஹுக்கு ஊத்தின தேத்தண்ணி மஃரிபுக்கும் சுட்டது. நம்பி 2000 போத்தல் எடுத்தன். பெட்டி உடைச்சுப் பாக்கக்குள்ள எல்லாம் மினுமினு எண்டுதான் இருந்தது. மூணு மாசம் போகல்ல, ஒரு உம்மா போத்தலத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தா, மூடி பூட்டுற விளிம்பில சுத்திவர மண்ணிறத்தில ஒரு வளையம், விரலால உரசினா விரல்ல துரு ஒட்டுது. பள்ளிக்கூடப் புள்ளைக்கு வாங்கிக் குடுத்த போத்தலாம். நான் தலைய நிமித்தாமக் காசத் திருப்பிக் குடுத்தன். அண்டையில இருந்து மிச்சப் போத்தல நான் ஊருக்குள்ள விக்கல்ல.

சங்கதி என்னெண்டா ஸ்டீல்ல 304 எண்டு ஒண்டு 201 எண்டு ஒண்டு. 304 இல 18 வீதம் குரோமியம் 8 வீதம் நிக்கல், சாப்பாடு தண்ணி படுற எடத்துக்கு அதான் வேணும். 201 இல நிக்கலக் குறைச்சு மங்கனீசக் கூட்டியிருப்பாங்க, மலிவு, கெதியாத் துருப் பிடிக்கும், அதுலயும் எங்கட கடக்கரை உப்புக் காத்துக்கு கேக்கவே வேணாம். விலை குறைஞ்ச போத்தல்ல உள்ளுக்கு 304 வெளிய 201 போடுறது வழமை, அத அவங்க வெளிப்படையாவே சொல்வாங்க, அதுல பிழை இல்ல. எனக்கு வந்ததுல உள்ளுக்கும் 201. காந்தம் வச்சுப் பாக்கிறவங்க இருக்காங்க, அது சரிவராது, ரெண்டுமே பெருசா ஒட்டாது. இதுக்கெண்டே சின்னக் குப்பியில ஒரு தண்ணி விக்கிறாங்க, ஸ்டீல்ல ஒரு சொட்டு விட்டு சின்ன பெட்டரியால கரண்ட் குடுத்தா 201 எண்டா சொட்டு சிவந்து போகும், 304 எண்டா அப்படிச் சிவக்காது. என்னட்ட ஒரு குப்பி கடை லாச்சியில எப்பவும் கிடக்கும்.

அதனால ஓடர் எழுதக்குள்ள "உள் 304, வெளி 201" எண்டு இன்வொய்ஸ்லயே எழுத வைங்க. சாம்பிள் மூணு எடுங்க, மூணையும் டேப் ஒட்டி டேப்புக்கு மேல சைன் வச்சு ஒண்ட அவங்களுக்கே திருப்பி அனுப்புங்க, ரெண்டு ஒங்கட கையில இருக்கட்டும். மிச்சம் 70 வீதம் கட்ட முதல் சாமானப் பாக்கணும். இதுக்கெண்டு ஆக்கள் இருக்காங்க, பெக்டரிக்குப் போய் எழுந்தமானமா பெட்டி உடைச்சுப் பாத்து போட்டோவோட ரிப்போட் தருவாங்க, ஒரு நாளைக்கு 200, 300 டொலர் கேப்பாங்க. ஒங்கட 2100 டொலர் ஓடருக்கு அது பாரம். அப்ப வீடியோ கோல் எடுத்து ஏழாம் நம்பர் பெட்டியத் திற, பதினாலாம் நம்பர் பெட்டியத் திற எண்டு நீங்க சொல்லித் திறக்க வைங்க. அவங்க தெரிஞ்சு காட்டுற பெட்டியப் பாக்காதீங்க.

கல்முனை வார்ஃப் எழுதினது:

காத்தான்குடிக் காக்கா சொன்னது எல்லாம் அங்கால பக்கம், நான் இங்கால பக்கம் சொல்றன். எனக்கு ஊர் கல்முனை, கொழும்பில கிளியரிங் வேலை, அதாவது வாற சாமானச் சுங்கத்தில இருந்து எடுத்துக் குடுக்கிறது, பதினொரு வருசம். தம்பி 630 ரூபா எண்டு கணக்குப் போட்டு நித்திரை இல்லாம இருக்கிறீங்க, அந்தக் கணக்க முதல்ல திருத்துவம்.

1000 போத்தல் 2100 டொலர். இது எஃப்.ஓ.பி. விலை, அதாவது சைனா துறைமுகத்தில கப்பல் ஏத்துற வரைக்கும். 1000 போத்தல் எண்டா ரெண்டு கியூபிக் மீட்டர் மட்டு வரும், கப்பல் கூலி இன்சூரன்ஸ் 150 டொலர் எண்டு வைங்க. மொத்தம் 2250, ரூபாவில 675,000. சுங்கம் வரி போடுறது இந்தத் தொகைக்கு மேல. வரி வீதம் சாமான் வகைக்குச் சுங்கம் வச்சிருக்கிற எச்.எஸ். கோட்டப் பொறுத்து ஐட்டத்துக்கு ஐட்டம் மாறும், வர்த்தமானியில மாறிக்கொண்டும் இருக்கும், அதனால இது விளங்குறதுக்கு ஒரு பேச்சுக்கு. சுங்க வரி 20 வீதம் எண்டா 135,000. பால் எண்டு துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி ஒண்டு, அது 10 வீதம் எண்டா 67,500. மறுகா வற் 18 வீதம், அது வெறும் 675,000 க்கு இல்ல, அந்தத் தொகையில இன்னும் 10 வீதத்தக் கூட்டி, கட்டின சுங்க வரியையும் பாலையும் சேத்து வாற 945,000 க்கு, அப்ப 170,100. சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம், அது ஒரு 23,600 மட்டு. எல்லாம் சேத்தா நாலு லட்சத்துக்குக் கிட்ட வரி. செஸ் எண்ட மேலதிக வரி உள்ள சாமான் எண்டா அது வேற. வற் பதிஞ்ச ஆக்கள் அந்த 170,100 ஐப் பொறகு கழிச்சுக்கொள்ளலாம், பதியாத சின்னக் கடைக்கு அது சாமான்ட விலையோட சேந்து போற காசு.

அதுக்கு மேல கொழும்பில டி.ஓ. (சாமான விடச் சொல்லிக் கப்பல் ஏஜென்ட் தாற கடதாசி) காசு, களஞ்சியக் காசு, கிளியரிங் கூலி, பொலன்னறுவைப் பாதையால உங்கட ஊருக்கு லொறி, ஒரு லட்சம் எண்டு வைங்க. இப்ப ஒரு போத்தல் 1170 க்கு மேல வந்து நிக்கும். புறக்கோட்டை விலை 1450. போத்தலுக்கு 270, 280 ரூபாதான் மிச்சம், அதுவும் ஆயிரத்தில ஒண்டும் நசுங்காம, ஒண்டும் ஒழுகாம வந்தாத்தான். ஆனா புறக்கோட்டைக்காரர் கொன்டெய்னர் கணக்கில எடுக்கிற ஆள், நீங்க ரெண்டு கியூபிக் மீட்டர் எடுக்கிற ஆள், இருந்தும் உங்களுக்கு மிச்சம் வருது எண்டதையும் பாருங்க, நான் வேணாம் எண்டு சொல்ல வரல்ல.

இப்ப ஒரு முக்கியமான பொறி. சின்ன லோட் மத்தவங்கட சாமானோட ஒரே கொன்டெய்னர்ல வரும், எல்.சி.எல். எண்டு சொல்றது. சப்ளையர் சில நேரம் "கப்பல் கூலி நாங்க பாக்கிறம், கூலி இல்லாம கொழும்பு வரைக்கும்" எண்டு சொல்வார். சந்தோசப்பட்டு ஓம் எண்டுடாதீங்க. அங்க கூலியக் குறைச்சிட்டு கொழும்பில உள்ள ஏஜென்ட் உங்கட தலையில கட்டுவார், சாமான் வந்த பொறகு பில்லப் பாத்தா கப்பல் கூலிய விட மூணு மடங்கு நாலு மடங்கு நிக்கும், கட்டாம டி.ஓ. எடுக்க ஏலாது, எடுக்கப் பிந்தினா ஒவ்வொரு நாளும் களஞ்சிய வாடகை. எஃப்.ஓ.பி. யில வாங்கி, கொழும்பில நீங்களே கப்பல்ல சாமான் எடுத்துத் தாற ஒரு ஃபோர்வார்டரப் பிடிச்சு, கொழும்புச் செலவு முழுக்க எழுத்தில எடுத்துக்கொண்டு ஓடர் குடுங்க.

பல்ப இந்த லோட்டோட சேக்காதீங்க. பிளக், சொக்கட், சுவிட்ச், பல்பு மாதிரிச் சாமானுக்கு எஸ்.எல்.எஸ்.ஐ. (இலங்கைக் கட்டளைகள் நிறுவனம்) இறக்குமதிப் பரிசோதனை இருக்கு, தர ரிப்போட் இல்லாம வந்தா அது அங்க மாட்டினா அதோட சேந்து போத்தலும் நிக்கும். பிளக் எண்டா எங்கட நாட்டுக்கு சதுரக் கால் 13 அம்பியர் மட்டும்தான். புளூடூத் ஸ்பீக்கருக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுட அனுமதி வேணும், அதுக்குள்ள லித்தியம் பெட்டரியும் இருக்கு, அதுக்குத் தனியா கடதாசி கேப்பாங்க. முதல் லோட்டுக்கு ஒரே ஒரு ஐட்டம். மீன்பிடிச் சாமான் விக்கிற ஆக்களும் இதப் படிச்சா சொல்லிவைக்கிறன், தங்கூசி வலை (ஒத்தை நைலோன் இழை வலை) தடை, மலிவாக் கிடக்கு எண்டு எடுத்துப்போட்டு வாழ்க்கையத் தொலைக்காதீங்க.

அந்த வீட்டு வாசலுக்கு வரும் எண்ட கதை. சாமான் வரும்தான், இல்லை எண்டு சொல்லல்ல. ஆனா சுங்கக் கடதாசி ஒண்டும் உங்கட பேரில இருக்காது. வேற பேரில வேற சாமான் எண்டு எழுதித்தான் அது உள்ளுக்கு வந்திருக்கும். ஒரு நாள் அந்தக் கொன்டெய்னரப் பிடிச்சா உங்கட சாமான் உங்கட சாமான் எண்டு சொல்றதுக்கே உங்களிட்ட ஆதாரம் இல்ல. இன்வொய்ஸில விலையக் குறைச்சு எழுதச் சொல்றதும் அப்படித்தான், சப்ளையர் தானா வந்து "குறைச்சு எழுதட்டா" எண்டு கேப்பார், வேணாம் எண்டு சொல்லுங்க. என்ன சாமான் என்ன விலைக்கு வருது எண்டு சுங்கத்திட்ட கணக்கு இருக்கு, பிடிபட்டா சாமானும் போகும் தண்டமும் விழும்.

பிரதேச செயலகத்தில எடுத்த பி.ஆர். (வியாபாரப் பதிவு), இறைவரியில டின் நம்பர் (வரி இலக்கம்), சுங்கத்தில இறக்குமதியாளராப் பதிவு, இது மூணும் உங்கட பேரில இருக்கணும். காசு பேங்கால டி.டி. போடுங்க, அதாவது பேங்கில இருந்து சப்ளையர்ட கொம்பனி அக்கவுண்டுக்கு நேரா, இல்லாட்டி அலிபாபாவுக்குள்ள. உண்டியல்ல அனுப்புற யோசினையே வேணாம். இன்னொண்டு, ஆப்டா எண்டு ஒரு ஒப்பந்தம் இருக்கு, சைனாவும் எங்கட நாடும் ரெண்டும் அதுல இருக்கு, சில ஐட்டத்துக்கு அந்த சர்டிபிகேட் இருந்தாச் சுங்க வரி குறையும். சப்ளையரிட்ட அத ஓடர் பேசக்குள்ளயே கேக்கணும், கப்பல் வெளிக்கிட்ட பொறகு கேட்டா இழுத்தடிப்பாங்க.

செங்கலடி தூள் எழுதினது:

நான் மிளகாய்த்தூள், சரக்குத்தூள், வறுத்த கஜு பக்கட் பண்ணி விக்கிறன், வீட்டோட சேந்த சின்ன வேலைத்தலம், எட்டுப் பொம்பிளையள் வேலை செய்றாங்க. நான் எடுத்தது ஜிப் வச்ச பவுச், பேர் அச்சடிச்சது. அண்ணாக்கு ஐட்டம் வேறதான், ஆனா சின்னதாத் தொடங்குறவங்களுக்கு இது உதவும் எண்டு எழுதுறன்.

பவுச்சில ரெண்டு வகை அச்சு. சிலிண்டர் அச்சு எண்டா ஒரு கலருக்கு ஒரு சிலிண்டர், அதுக்கு முதல் தரம் தனிக்காசு, ஆகக் குறைஞ்சது பத்தாயிரத்துக்கு மேல கேப்பாங்க. டிஜிட்டல் அச்சு எண்டா 500, 1000 பவுச்சும் தருவாங்க, ஒரு பவுச்சிட விலை கூட, ஆனா சரக்கு விக்குமோ விக்காதோ எண்டு தெரியாத நேரம் அதான் நிம்மதி. நான் டிஜிட்டல்ல 1000 எடுத்துத்தான் தொடங்கினன்.

எனக்கு நடந்த கெடுதி தமிழ் எழுத்தால. டிசைன அனுப்பினன், அவங்க அவங்கட கொம்பியூட்டர்ல திறந்து, அங்க எங்கட எழுத்துரு இல்லாம எல்லாம் குழம்பிப்போச்சு. அவங்களுக்குத் தமிழ் தெரியாதே, பிழையா சரியா எண்டு எப்படித் தெரியும். "செங்கலடி" எண்டதுல கொம்பு ச-க்குப் பின்னால போய் நிக்குது, "தூள்" எண்டதுல குற்று ளகரத்த விட்டு விலகி அந்தரத்தில நிக்குது. புரூஃப் அனுப்பினவங்க, நான்தான் போன்ல சின்னதாப் பாத்துப்போட்டு சரி எண்டு போட்டன். 1000 பவுச்சும் அப்படியே வந்தது. பெட்டியத் திறந்து முதல் பவுச்சக் கையில எடுத்தவுடன அழுகை வந்திட்டு, மூணு மாசம் சேத்த காசு. இப்ப என்ன செய்றன் எண்டா எழுத்து எல்லாத்தையும் அவுட்லைனா, அதாவது எழுத்துரு தேவைப்படாத வடிவமா மாத்தி, பீ.டி.எஃப். ஆக்கி அனுப்புறன், புரூஃப் வந்தா கடதாசியில பிரிண்ட் எடுத்து அம்மாட்டக் குடுத்து ஒவ்வொரு எழுத்தா வாசிக்கச் சொல்றன். போத்தல்ல உங்கட கடைப் பேர் அடிக்கிற யோசினை இருந்தா இத மறக்காதீங்க.

கூரியர்ல சாம்பிள் எடுக்கக்குள்ளயும் ஒரு விசயம். நிறையில மட்டும் காசு எடுக்க மாட்டாங்க. நீளம் அகலம் உயரத்த சென்டிமீட்டர்ல பெருக்கி 5000 ஆல பிரிச்சு வாற கிலோவையும், தராசில நிக்கிற கிலோவையும் பாத்து எது கூடவோ அதுக்குத்தான் காசு. போத்தல் உள்ளுக்கு வெறும் காத்து, பெட்டி பெருசு. பெட்டி அளவக் கேட்டுக் கணக்குப் பாத்திட்டு ஓம் சொல்லுங்க.

அக்கரைப்பற்று எழுதினது:

ஒரே ஒரு விசயம் சொல்லிட்டுப் போறன். 2022 பெப்ரவரியில நான் தையல் மெஷின் உதிரிப்பாகத்துக்கு 30 வீதம் கட்டினன், டொலர் 200 மட்டில நிண்ட நேரம். மிச்சம் 70 கட்ட வேண்டிய நேரம் 360. அந்தக் காசையும் பேங்கில கட்டி எடுக்க டொலர் இல்ல எண்டு திரும்பத் திரும்ப அலைய விட்டாங்க. கடைசியில மனிசிட காப்பு ரெண்டையும் அடகு வச்சுத்தான் சாமான எடுத்தன். இப்ப அந்த நிலைமை இல்ல. ஆனா 30 கட்டிப்போட்டு 70 ஐ பொறகு பாப்பம் எண்டு இருக்காதீங்க, மிச்சக் காசு முழுக்க கையில இருக்கிற நாளில மட்டும் ஓடர் போடுங்க, வரிக்காசும் சேத்துத்தான். தம்பிட 12 லட்சத்தில இந்த ஓடர் முட்டி நிக்குது, மூச்சு விட எடம் இல்ல. சீட்டுக் காச இதுக்குள்ள இழுக்காதீங்க.

எழுவான்கரைக் கடை எழுதினது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேத்து ரா மனிசியும் நானும் இருந்து ஒவ்வொண்டா வாசிச்சம். வார்ஃப் அண்ண போட்ட கணக்க கொப்பியில எழுதி வச்சிருக்கன்.

அந்தப் புள்ளையிட்ட கொம்பனி பேரில அக்கவுண்ட் தாங்க, ஓடர அலிபாபாவுக்குள்ள போடுவம் எண்டு எழுதினன். முதல்ல விலை கூடும் எண்டா, மறுகா மெசேஜப் பாத்திட்டும் மறுமொழி இல்ல, மூணு நாளாச்சு. வேற ரெண்டு சப்ளையரோட பேசுறன், ரெண்டு பேரும் லைசன்ஸ் கொப்பி தந்திட்டாங்க. ஒருத்தர் 500 போத்தலுக்கும் சம்மதம், ஆனா 2 டொலர் 45. அப்படி எண்டா சீட்டுக் காசத் தொடத் தேவையில்ல. பல்பும் ஸ்பீக்கரும் விட்டாச்சு.

ஒரு கேள்வி, இப்ப ஓடர் போட்டா சித்திரைக்கு வந்திருமா?

கல்முனை வார்ஃப் எழுதினது:

சீன வருசத்தப் பாருங்க தம்பி. அது ஜனவரி 21 க்கும் பெப்ரவரி 20 க்கும் இடையில எப்பவும் வரும். பெக்டரி ரெண்டு மூணு கிழமை பூட்டு, வேலையாக்கள் ஊருக்குப் போனா எல்லாரும் உடன திரும்ப மாட்டாங்க. அதுக்கு முதல் கிழமைகளில அவசரப்பட்டு அடிச்சுத் தள்ளுற சாமான்லதான் பிழையும் கூட. செய்ய ஒரு மாசம், கப்பல்ல ரெண்டு மூணு கிழமை, கொழும்பில எடுக்க ஒரு கிழமை, போயாவும் லீவும் இடையில வந்தா இன்னும் இழுக்கும். சாம்பிளே இன்னும் வரல்ல. சித்திரைக்கு எண்டு ஓடாதீங்க, பள்ளிக்கூட ரெண்டாம் தவணைக்குப் பாருங்க, போத்தல் அப்பவும் விக்கும். பி.எல். (கப்பல் ஏத்தினதுக்குத் தாற கடதாசி) ஒரிஜினல் கூரியர்ல வரும் எண்டு காத்திருக்காம டெலெக்ஸ் ரிலீஸ், அதாவது ஒரிஜினல் இல்லாமலே சாமான விடச் சொல்றது, கேளுங்க, இல்லாட்டி கப்பல் வந்து நிக்கும் கடதாசி வராது.

எழுவான்கரைக் கடை எழுதினது:

சரி அண்ண, சித்திரைய விட்டாச்சு. ரெண்டு பேரிட்டயும் மூணு மூணு சாம்பிள் ஓடர் போட்டிருக்கன், கூரியருக்குப் பெட்டி அளவு கேட்டு அக்கா சொன்ன மாதிரி பிரிச்சுப் பாத்துத்தான் போட்டன். காக்கா, சாம்பிள் வந்தா ஒங்கட கடைக்குக் கொண்டு வரட்டா? அந்தச் சொட்டுத் தண்ணி ஒருக்கா விட்டுப் பாக்கணும்.

காத்தான்குடி மொத்தம் எழுதினது:

கொண்டாங்க தம்பி, அதுக்கென்ன. வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், ஜும்ஆவுக்குக் கடை பூட்டிருவம். சனி அசருக்குப் பொறகு வாங்க, ஆறு போத்தலையும் வெட்டித்தான் உள்ளுக்குப் பாக்கணும், கிரைண்டர் பக்கத்துக் கடையில இருக்கு. சைன் வச்சு ஒட்டுற சாம்பிள வெட்டிப்போடாம, அத வேறயா கேட்டு எடுங்க.